ஜிப் போட்டால் பத்திரமா?

பூந்தமல்லி - ஆவடி சாலையில் இருக்கும் பாரிவாக்கம் போன்ற ஊர்களில், மனை வாங்கி வீடு கட்டியவர்களின் கணினியில் தவறாமல் ஒரு ஃபோல்டர் இருக்கும். பத்திர ஸ்கேன், வில்லங்கச் சான்று, பட்டா, பிள்ளைகளின் மார்க் ஷீட், கூடவே கல்யாண போட்டோ, வளைகாப்பு வீடியோ எல்லாம் அதற்குள்தான். டிஸ்க் நிரம்பியதும் அதை ஜிப் செய்துவிட்டு மூலத்தை அழித்துவிடுகிறார்கள். இடமும் மிச்சம், கோப்பும் பத்திரம் என்று நினைப்பு. இரண்டுமே பெரும்பாலும் தப்புக் கணக்கு.

ஜிப் செய்யும் வேலை எளிமையானது. ஒரு கோப்பில் திரும்பத் திரும்ப வருவதை ஒருமுறை மட்டும் வைத்துக்கொண்டு, மற்ற இடங்களில் 'முன்னால் வந்ததைப் பார்' என்று குறித்துவிடும். தமிழ் எழுத்துக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. யூனிகோடின் யுடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது 'த' என்ற ஓர் எழுத்துக்கே மூன்று பைட் வேண்டும். அதில் முதல் பைட் எல்லாத் தமிழ் எழுத்துக்கும் ஒன்றுதான், இரண்டாவதும் இரண்டே வகை. அதனால் வெறும் எழுத்தாக இருக்கும் தமிழ்க் கோப்பு பாதிக்கும் கீழே சுருங்கிவிடும்.

போட்டோ அப்படி இல்லை. ஜேபெக் படமும் செல்போன் வீடியோவும் பிறக்கும்போதே சுருக்கப்பட்டவை. வேர்டின் டாக்எக்ஸ் கோப்பும் உள்ளுக்குள் ஒரு ஜிப்தான். இவற்றை மறுபடி சுருக்கினால் மிச்சமாகும் இடம் சொற்பம்.

சரி, பத்திரமாவது உண்டா? ஜிப் கோப்பில் உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல் கடைசியில்தான் எழுதப்படுகிறது. காப்பி முடிவதற்குள் பென் டிரைவைப் பிடுங்கினால் வால் அறுந்துவிடும், கோப்பு திறக்காது. செவன்-ஜிப் என்ற இன்னொரு வகை பல கோப்புகளை ஒரே தொடராகக் கோத்துச் சுருக்குவதால், நடுவில் ஓரிடம் கெட்டாலும் அதன்பின் வருபவையும் போகலாம். தனித்தனியாகக் கிடந்த நூறு படத்தில் ஒன்று கெட்டால் தொண்ணூற்றொன்பது மிஞ்சியிருக்கும்.

இதையெல்லாம் மீறிய ஆபத்து தண்ணீர். பூந்தமல்லியைத் தாண்டினால் செம்பரம்பாக்கம் ஏரி. 2015 டிசம்பர் 1 இரவு அங்கிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிடப்பட, அடையாற்றங்கரை வீடுகள் மூழ்கின. தொலைந்த ஆவணங்களுக்கு நகல் வழங்க அரசு சிறப்பு முகாம் நடத்தியது. பட்டாவுக்கு நகல் கிடைக்கும். கல்யாண போட்டோவுக்கு எந்தத் தாலுகா ஆபீஸில் மனு கொடுப்பது? மூலமும் ஜிப்பும் ஒரே டிஸ்கில் இருந்தால் இரண்டும் சேர்ந்தேதான் நனையும்.

ஆகவே போட்டோவை அப்படியே விட்டு, இன்னொரு ஹார்ட் டிஸ்கில் காப்பி எடுத்து, அதை வேறு ஊரில் இருக்கும் அண்ணன் வீட்டிலோ மாமியார் வீட்டிலோ வைப்பதே புத்திசாலித்தனம். ஆவணங்களை ஒரே கட்டாக மெயிலில் அனுப்ப ஜிப் போடலாம். அதற்குத்தான் அது லாயக்கு. எந்த வகை என்று கேட்டால், சாதாரண ஜிப்பே போதும். 1989-இல் அதை உருவாக்கிய அமெரிக்கர் ஃபில் காட்ஸ், கோப்பின் அமைப்பை எல்லோருக்கும் பொதுவாக வெளியிட்டார். அதனால்தான் இன்றும் எந்தக் கணினியிலும் அது திறக்கிறது. ஆதார் ஆணையம்கூட ஆஃப்லைன் கேஒய்சி கோப்பை நான்கு எழுத்துக் குறியீடு போட்ட ஜிப்பாகத்தான் தருகிறது. வீட்டுக் கட்டுக்குப் பாஸ்வேர்டு போடுபவர்கள் அதை ஒரு நோட்டிலும் எழுதிவைக்கட்டும். கட்டிய ஜிப்பை வேறொரு கணினியில் திறந்து பார்த்த பிறகு மூலத்தில் கை வைக்கலாம்.