பார்த்துச் சொல்றதுக்கும் காசு கொடுங்க!

அப்பா சிவகாசியில இருந்து விருதுநகருக்கு காலண்டர் லோடு அடிக்கிறவர். வண்டி பழைய மாருதி ஆம்னி. (2019-லயே கம்பெனி ஆம்னி தயாரிக்கிறதை நிறுத்திட்டாங்க, நாங்க ஓட்டுறதை நிறுத்தலை :)) போன மாசம் ஆமத்தூர் பக்கம் கிளட்ச்ல இருந்து காலை எடுத்தா, பெடல் மேல வரலை. பின்னாடியே பட்டாசு லாரி! செருப்பு நுனியால பெடலைத் தூக்கிவிட்டு, எப்படியோ ஓரங்கட்டிட்டார்.

முதல்ல போன ஒர்க்‌ஷாப்ல வண்டிக்கு அடியில குனிஞ்சுகூட பார்க்கலை. "கிளட்ச் செட்டு போச்சு, கியர் பாக்ஸை இறக்கணும், 7,000 ஆகும்"னாங்க. அடுத்துப் பார்த்த பெரியவர், கியர் பாக்ஸ் பக்கம் கிளட்ச் கேபிளைக் கழட்டிவிட்டு பெடலைக் கையால அமுக்கினார். அப்பவும் இறுகுச்சு. "அப்போ கோளாறு இந்தப் பக்கம்தான்"னார். கேபிளுக்குள்ள கம்பி பிரிஞ்சு துரு ஏறியிருந்தது. கேபிள் மாத்தினதோட முடிஞ்சது வேலை.

சூட்சுமம் அவ்வளவுதான் மக்களே: கோளாறு எந்தப் பாதியிலன்னு முதல்ல பிரிக்கணும். அதுக்கும் முன்னாடி கால்மிதி பெடல்ல சிக்கியிருக்கா, ஸ்பிரிங் அறுந்திருக்கா, பெடல் புஷ் காய்ஞ்சிருக்கான்னு பாருங்க. கேபிளைக் கழட்டினதும் பெடல் லேசாப் போய் வந்தா, கோளாறு அந்தப் பக்கம்: ரிலீஸ் பேரிங், பிரஷர் பிளேட். அப்போ கியர் பாக்ஸை இறக்கத்தான் வேணும். இறக்கினப்புறம் செட்டையே மாத்துறது புத்திசாலித்தனம், ஏன்னா இறக்குற கூலி ஒண்ணுதான்.

ஹைட்ராலிக் கிளட்ச்னா முதல்ல ஆயில் அளவு, அப்புறம் மாஸ்டர் சிலிண்டர், ஸ்லேவ் சிலிண்டர்ல கசிவு. பல கார்கள்ல பிரேக்குக்கும் கிளட்சுக்கும் ஒரே ஆயில் டப்பாதான். அளவு குறைஞ்சா அசட்டையா விடாதீங்க, பிரேக்கும் காலை வாரும். பிரேக் ஆயிலுக்குப் பதிலா இன்ஜின் ஆயிலை ஊத்தினா, ரப்பர் சீல் ஊதிப்போய் பெடல் சிக்கும்.

சரி, நான் சொல்ல வந்தது வேற. கேபிள் விலை போக பெரியவர் கேட்டது 300 ரூபாய். அப்பா என்ன கேட்டார் தெரியுமா? "ஒரு கேபிள் மாட்டினதுக்கு 300-ஆ?" பேரம் பேசி 200 கொடுத்தார். நானும் பக்கத்துல சும்மாதான் நின்னேன். எங்களுக்கு ஏறக்குறைய 7,000 ரூபாய் மிச்சம் பண்ணிக் கொடுத்தவருக்கு 100 ரூபாய் நஷ்டம்!

1970-ல ஜார்ஜ் அகர்லாஃப் பழைய கார் சந்தையை வச்சே ஒரு கட்டுரை எழுதினார். 2001-ல பொருளாதார நோபல் வாங்கினவர். விக்கிறவனுக்குத் தெரிஞ்சது வாங்குறவனுக்குத் தெரியலைன்னா, நல்ல சரக்கு சந்தையை விட்டே போயிடும்ங்கிறார். மெக்கானிக் விஷயமும் அதேதான். டாக்டர் நாடி பிடிச்சா ஃபீஸ் கொடுக்குறோம். மெக்கானிக் பார்த்துச் சொல்றது மட்டும் நமக்கு இலவசம். அப்புறம் அவர் பாகம் மாத்தித்தான சம்பாதிக்கணும்?

அதனால அடுத்த தடவை, "என்னன்னு பார்த்துச் சொல்லுங்கண்ணே, அதுக்குத் தனியா காசு தர்றேன்"னு சொல்லிப் பாருங்க. நான் அந்த 100 ரூபாயைக் கொடுக்க நாளைக்குப் போறேன். அப்பாகிட்ட சொல்லிடாதீங்க!