மணல் தேடும் தேரை

தேரை என்றதும் கிணற்றடி ஈரமே நம் நினைவுக்கு வருகிறது. இங்கிலாந்தின் நற்றர்ஜாக் தேரைக்கோ மணல்மேடே வீடு. முதுகிலே மஞ்சட்கோடு, தத்துவதை விடச் சுண்டெலிபோல் ஓடுவதே அதன் வழக்கம். பகலில் இளகிய மணலுள் வளை தோண்டிப் பதுங்கி, இரவில் இரை தேடும். புல் கட்டையாயுள்ள வெளிகளையே விரும்பும். அப்புல்லை மேய்ந்து கொடுத்தவை முயல்கள். 1953இல் மிக்சோமற்றோசிஸ் என்னும் நோய் புகுந்து முயல்களை மாய்க்கவே, மேடுகளிற் புல்லும் புதரும் மண்டின. பலவிடங்களில் தேரை குடியிழந்தது. முயலின் நோய் தேரையின் வீட்டைப் பறிக்குமென்று யார் நினைத்தார்? 1975இல் சட்டம் அதற்குக் காப்பளித்தது. சட்டம் புல் மேயுமோ? ஆகவே, வடமேற்குக் கரையிலுள்ள ஐன்ஸ்டேல் மணல்மேடுகளில் செம்மறியாடுகளை மேயவிட்டனர்.