காந்தி பூங்காவும் காத்திருக்கும் மாணவர்களும்

வேலையற்ற பட்டதாரிகள் 2017 இல் மட்டக்களப்புக் காந்தி பூங்காவில் சத்தியாக்கிரகம் இருந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வாவிக்கரையிலுள்ள அந்தப் பூங்காவில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்களும் பலமுறை நின்றிருக்கிறார்கள். ஊர் தன் துயரத்தைச் சொல்லத் தேர்ந்தெடுக்கும் இடம் அதுவே. ஆனால் அதன் நிழல் மரங்கள், விளக்குகள், இருக்கைகள் பற்றிய முடிவுகளில் அங்கே அமர்ந்திருந்தவர்களுக்கு என்ன பங்கு இருந்தது? எந்தப் பங்கும் இல்லை.

அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 1914 இல் பிரெடெரிக் கோஃப் என்ற வங்கியாளர் ஓர் அறக்கட்டளையை நிறுவினார். ஊரார் விட்டுச்செல்லும் பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதை அவ்வூர்க் குழுவொன்றே காலத்திற்கேற்பத் தீர்மானிக்க வேண்டும் என்பது அவரது எண்ணம். இவ்வகை அறக்கட்டளைகள் இன்று பல நாடுகளில் உள்ளன. சில நகரங்களில் கல்லூரி மாணவர்களைக் கோடை விடுமுறையில் கொடுப்பனவுடன் பூங்காக்களிலும் பொதுநல அமைப்புகளிலும் அமர்த்துகிறார்கள். சிறு நிதிகளைப் பகிர்ந்தளிக்கும் வேலையும் அவர்களுக்குப் பழக்கப்படுத்தப்படுகிறது.

இது நமக்கு ஒவ்வாத மேல்நாட்டுச் சரக்கு என்று சிலர் கூறக்கூடும். அவ்வாறு கூறுவோர் நம் ஊர்களை உற்றுப் பார்க்கவில்லை. கோயில் கணக்கைக் காக்கும் வண்ணக்கர் முறையும், குடிவழித் திருவிழா உரிமையும், மரண உதவிச் சங்கமும், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் பொதுப்பணத்தைக் கூடிப் பேசிச் செலவிடும் ஏற்பாடுகள்தாம். மாரியில் முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்பதில் வயற்காரருக்கும் மீனவருக்கும் கருத்து வேறுபடும். அதையும் பேசித்தான் தீர்க்க வேண்டியிருக்கிறது. நம்மிடம் வழக்கம் உண்டு. இளையோருக்கு அதில் இடம் இல்லை.

பூங்காவுக்கும் இங்கே ஒரு முன்மாதிரி உண்டு. 1996 இல் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவைத் தொடங்கினர். போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. தமிழ்க் கிராமங்களிலிருந்தும் முஸ்லிம் கிராமங்களிலிருந்தும் வந்த பிள்ளைகள் அங்கே ஒன்றாக விளையாடினர், மண் பிசைந்தனர், கதை சொன்னார்கள். ஒரு தோட்டம் என்ன செய்யும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் இக்கரையோரத்திற்குப் பெருநிதி வந்தது. உதவி வந்ததேயன்றி முடிவெடுக்கும் உரிமை பெரும்பாலும் வரவில்லை. எந்த ஊருக்கு எது என்பது கொழும்பிலும் அதற்கப்பாலும் தீர்மானமாயிற்று. 2023 மார்ச் முதல் 2025 மே தேர்தல் வரை உள்ளூராட்சி மன்றங்களில் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர்களே இருக்கவில்லை. இப்போது சபை இருக்கிறது. தொடங்குவதற்கு இதுவே தருணம்.

என் யோசனை எளியது. உயர்தரப் பரீட்சை எழுதியவர்கள் பல்கலைக்கழகம் புகப் பல மாதங்கள், சில வேளைகளில் ஓராண்டுக்கும் மேலாக, காத்திருக்கிறார்கள். கச்சான் வீசும் மாதங்களில் எட்டு வாரங்களுக்கு இருபது பேரை மாநகர சபை கொடுப்பனவுடன் எடுக்கட்டும். மட்டக்களப்பு, காத்தான்குடி, ஏறாவூர், படுவான்கரை ஆகிய இடங்களிலிருந்து அவர்கள் வரட்டும். முதல் நான்கு வாரங்கள் பூங்காக்களைக் கவனிக்க வேண்டும்: எந்நேரத்தில் யார் வருகிறார்கள், பெண்கள் ஏன் மாலையில் வருவதில்லை, மலசலகூடம் திறந்திருக்கிறதா, நிழல் எங்கே இல்லை. அடுத்த நான்கு வாரங்கள் ஒரு சிறு நிதிக்கு ஊர்ச் சங்கங்களிடம் விண்ணப்பம் கோரி, நேரில் சென்று பார்த்து, பகிரங்கக் கூட்டத்தில் பரிந்துரை செய்ய வேண்டும். பணம் சபையின் கணக்கில் இருக்கட்டும். ஒவ்வொரு சதமும் அறிவித்தல் பலகையில் ஏறட்டும்.

நிதிக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். நம் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் உலகெங்கும் உள்ளன. கட்டடத்திற்கும் பெயர்ப்பலகைக்கும் தயங்காமல் கொடுக்கிறார்கள். திறப்புவிழாவுக்குப் பின் பராமரிப்புக்குக் கொடுப்பவர்தாம் அரிது. அவர்கள் இதற்கும் ஒரு பங்கு ஒதுக்கலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். மாணவர்களைச் சுத்திகரிப்புத் தொழிலாளரின் கூலியில்லா மாற்றாக ஆக்கக்கூடாது. தெரிவுப் பட்டியல் அரசியல்வாதியின் சட்டைப்பையிலிருந்து வரவும் கூடாது. இவ்விரண்டும் நேர்ந்தால் திட்டம் முதலாண்டிலேயே செத்துவிடும்.

எட்டு வாரங்களில் யாருக்கும் அரச நியமனம் கிடைத்துவிடாது. ஆயினும், ஒரு விண்ணப்பத்தை ஏன் ஏற்றோம், மற்றொன்றை ஏன் மறுத்தோம் என்று சொந்த ஊராரின் முகம் பார்த்து விளக்கிய இளைஞன், நாளை எந்த அதிகாரியிடமும் கணக்குக் கேட்கத் தயங்கமாட்டான். காத்தான்குடிப் பெண்பிள்ளையும் படுவான்கரைப் பையனும் ஒரே மேசையில் இருந்து அதைச் செய்தால், இந்த வாவிக்கரைக்கு அதைவிடப் பெரிய முதலீடு வேறில்லை. சபை உறுப்பினர்கள் அடுத்த பாதீட்டில் இதற்கு ஒரு வரி ஒதுக்குவார்களா?