தாயின் வாயில் யாருடைய பேச்சு?

சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் பிறந்து ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் வேலைக்குச் சென்ற பெண்மக்கள் தம் தாய்மாரிடம் மனம் விட்டுப் பேசுவதில்லை என்னும் குறை நம்மவரிடையே ஓயாமல் கேட்கிறது. படிப்பு மிகுந்தது, பட்டணம் கெடுத்தது, மலாயும் ஆங்கிலமும் தாய்மொழியை விழுங்கின என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. நாம் கேட்கிறோம்: அந்தத் தாய்க்குச் சொந்த வாய் என்று ஒன்றை எப்போது விட்டுவைத்தீர்கள்?

தோட்டத்து வாழ்வை எண்ணிப் பாருங்கள். பொழுது புலருமுன் பெரட்டுக் களத்தில் நின்று, பால்மரம் வெட்டப் போனவள் தாய். கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில். திரும்பி வந்தால் அடுப்பும் துணியும். ஆணுக்கு நிகராக உழைத்தும் வீட்டு முடிவுகளில் அவளுக்கு இடமில்லை. முடிவை மகளுக்கு அறிவிக்கும் வேலை மட்டுமே அவளுடையது. "அப்பா ஒப்பமாட்டார்", "ஊர் சிரிக்கும்", "நம் சாதியில் வழக்கமில்லை" என்னும் இவற்றுள் தாயின் சொல் எது? களத்தில் கங்காணியின் கட்டளைக்குப் பணிந்தவள், வீட்டில் ஆடவரின் கட்டளைக்குத் தண்டோரா போடுகிறாள். தண்டோராக்காரனிடம் எவரேனும் அந்தரங்கம் பேசுவாரோ?

சட்டமும் இதே பாடத்தைத்தான் படித்தது. மலேசியாவில் முஸ்லிம் அல்லாதாருக்காக 1976-இல் இயற்றப்பட்டு 1982-இல் நடப்புக்கு வந்த திருமண, மணவிலக்குச் சட்டம், 21 வயது நிரம்பாதவர் மணம் புரியத் தந்தையின் எழுத்துமூலச் சம்மதத்தைக் கேட்டது. முறைப்படி மணந்த பெற்றோரின் பிள்ளைக்கு, தந்தை இறந்த பிறகே தாயின் முறை வந்தது. பத்து மாதம் சுமந்தவள் சம்மதம் கூறக் கைம்மை ஒரு யோக்கியதாம்சமாயிற்று!

சரித்திரம் மட்டும் வேறா? 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதன்மேல் அவசரகாலம் பிரகடனமானதும் ஏடுகளில் உண்டு. 1960 வரை நீடித்த அக்காலத்தில் அங்கு மரம் வெட்டிய பெண்கள் என்ன கண்டனர், எவருக்கு அஞ்சினர் என்று அவர்களைக் கேட்டவர் எத்தனை பேர்? கேளாத வீட்டில் பேச்சு எங்ஙனம் வளரும்?

ஆகவே, தாய்மாரே! கணவர் பெயரையும் ஊர்ப் பெயரையும் நீக்கிவிட்டு மகளிடம் பேசுங்கள். என்ன கூலி வாங்கினீர்கள், அதை யார் கையில் கொடுத்தீர்கள், உங்கள் மணத்தில் உங்கள் சம்மதத்தைக் கேட்டவர் உண்டா என்று சொல்லுங்கள். பெண்மக்களே! சொல்லும்வரை காத்திராமல் கேளுங்கள். ஆடவரே! உங்கள் மறுப்பை நீங்களே மகளின் முகம் பார்த்துச் சொல்லுங்கள். அதற்கு மனைவியின் வாயை இரவல் வாங்காதீர்கள்.