புஷ் செய்யலாமா?

ஆவடி மின்சார ரயில் தடத்தின் நிலையங்களை ஒரு அரேயில் போடுவோம்: வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரைவாக்கம், அம்பத்தூர். அடுத்து வரும் திருமுல்லைவாயலைச் சேர்க்க என்ன வழி? அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எந்த ஜாவாஸ்கிரிப்ட் புரோகிராமரைக் கேட்டாலும் ‘புஷ்’ என்பார். சரிதான். ஆனால் அந்த அரேயை வேறு எந்தக் கோடாவது பயன்படுத்துகிறதா என்று கோட் ரிவ்யூவில் யாரும் கேட்பதில்லை.

புஷ் இருக்கிற அரேயையே மாற்றிவிடும். திருப்பித் தருவதோ புதிய நீளத்தை. நம் உதாரணத்தில் 5 என்ற எண். அதை அப்படியே ரியாக்ட் ஸ்டேட்டில் போட்டால், அடுத்த ரெண்டரில் மேப் எர்ரர் அடித்துப் பக்கம் வெள்ளையாகிவிடும். பரவாயில்லை, உடனே தெரிந்துவிடுகிறது. புஷ் செய்துவிட்டு அதே அரேயை மறுபடி செட் செய்வதுதான் வம்பு. ரெஃபரென்ஸ் மாறவில்லை, ஆகவே ரியாக்ட் கண்டுகொள்ளாது. கன்சோலில் திருமுல்லைவாயல் இருக்கும், திரையில் இருக்காது. பிறகு வேறு ஏதோ பட்டனை அழுத்தும்போது திடீரென்று வந்து நிற்கும். டெஸ்டர் என்னவென்று பக் எழுதுவார்?

அந்த இடத்தில் ஸ்ப்ரெட் அல்லது கான்கேட் போடுங்கள். கான்கேட்டிடம் அரே ஒன்றைக் கொடுத்தால் ஓர் அடுக்கு பிரித்துச் சேர்க்கும் என்பது நினைவிருக்கட்டும். நடுவில் செருக ஸ்ப்ளைஸ் உண்டு. மூலத்தைத் தொடாமல் செருக எக்மாஸ்கிரிப்ட் 2023-இல் டுஸ்ப்ளைஸ்ட் வந்துவிட்டது.

இதைக் கேட்டுவிட்டு எங்கும் ஸ்ப்ரெட் என்று கிளம்புகிறவர்களும் இருக்கிறார்கள். ரெட்யூஸுக்குள் ஒவ்வொரு சுற்றிலும் ஸ்ப்ரெட் போட்டால், 10,000 உறுப்புகளைச் சேர்த்து முடிப்பதற்குள் ஏறத்தாழ 5 கோடி முறை நகல் எடுக்க வேண்டும். ஒரே வரியில் அழகாக இருக்கிறது என்பதற்காக இந்த விலையா? புஷ்ஷுக்குள் லட்சக்கணக்கான உறுப்புகளை ஸ்ப்ரெட் செய்வதும் ஆபத்து. அத்தனையும் ஆர்க்யுமென்டாகப் போவதால் ஸ்டாக் நிரம்பி எர்ரர் வரலாம். அங்கே சாதாரண லூப் போதும்.

தொடக்கத்தில் சேர்க்கும் அன்ஷிஃப்ட், ஏற்கெனவே இருக்கும் உறுப்புகளை எல்லாம் ஓரிடம் நகர்த்த வேண்டியிருக்கும். லூப்புக்குள் வேண்டாம், புஷ் செய்து, கடைசியில் ரிவர்ஸ் செய்துகொள்ளலாம்.

ஒரு ஃபங்ஷனுக்குள் பிறந்து, ரிட்டர்ன் ஆகும்வரை வெளியே போகாத அரேயில் புஷ் செய்வது தப்பே இல்லை. ரிவ்யூ செய்பவர்கள் அதைத் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டாம்.