அபூர்வம் என்பது விலைச்சீட்டா?

அட்டை விளையாட்டுகளின் வடிவமைப்பாளர்கள் வழக்கமாக முன்வைக்கும் வாதம் ஒன்று உண்டு: அபூர்வத்தன்மை அட்டையின் சிக்கலைக் குறிக்கிறதே தவிர வலிமையை அன்று. 2014இல் வெளியான ஹார்த்ஸ்டோன் அதே ஆண்டின் இறுதியில் இவ்வாதத்தைத் தானே பொய்யாக்கியது. அப்போது வந்த 'டாக்டர் பூம்' லெஜண்டரி தரத்து அட்டை. ஏழு மானாவுக்கு 7/7 வலிமை. உடன் வெடிக்கும் இரு சிறு பொறிகள். இதில் சிக்கல் எங்கே? பள்ளிச் சிறுவனுக்கும் ஒரே வாசிப்பில் விளங்கும். எந்த வகுப்பும் பயன்படுத்தலாம் என்பதால் பலதரப்பட்ட டெக்குகளில் அது இடம்பிடித்தது. விலையோ 1,600 தூள். காமன் அட்டை ஒன்றை உடைத்தால் கிடைப்பது 5. ஆக, 320 அட்டைகளைப் பலியிட்டால் ஒன்று!

'பைலட்டட் ஷ்ரெடர்' என்ற காமன் அட்டையும் அக்காலத்தில் கோலோச்சவில்லையா என்பர். கோலோச்சியது; மறுப்பதற்கில்லை. வலிமையை எத்தரத்திலும் வைக்க இயலும் என்பதற்கு அதுவே சான்று. அவ்வாறாயின், எங்கும் பொருந்தும் அட்டையை உச்ச விலைத்தட்டில் ஏற்றியது கட்டாயமன்று, தேர்வு.

கேடு விலையோடு நிற்பதுமில்லை. 30 அட்டைகள் கொண்ட டெக்கில் ஒரு லெஜண்டரிக்கு ஒரே பிரதிதான் அனுமதி. அந்த ஒன்று மிகைவலிமை கொண்டதாயின், அது உரிய நேரத்தில் கைக்கு வந்ததா என்பதே ஆட்டத்தின் போக்கை முடிவுசெய்கிறது. வாங்க இயலாதவர் மட்டுமல்லர், வாங்கியவரும் தம் திறனை நற்பேற்றிடம் ஒப்படைக்கிறார். 2016இல் ஸ்டாண்டர்ட் முறை வந்து டாக்டர் பூமை வெளியேற்றும்வரை அதன் எண்களில் ஒன்றுகூடத் திருத்தப்படவில்லை.