அசல் போய் வட்டி மட்டும்

போபாலில் பிறந்து வளர்ந்த என் மகள், போன வாரம் ஹெட்போனை என் காதில் மாட்டினாள். "அப்பா, இதைக் கேளுங்க." அஜர்பைஜான் நாட்டு பாப் பாட்டு ஒன்று, வெறும் பியானோவில். இதமாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு ஒரு குறை.

அந்த ஊர்ப் பாட்டுக்கு அடிநாதம் முகாம் என்ற மரபிசை (ரத்ததான முகாம் இல்லைங்க!). நம் கமகம் மாதிரி, ஸ்வரங்களுக்கு நடுவே குரல் வழுக்கிப் போகும். பியானோ கட்டைகளில் அந்த நடு இடமே கிடையாது.

2012-ல் பாகூவில் நடந்த யூரோவிஷன் போட்டியில் சபினா பாபயேவா பாடி நான்காம் இடம் பிடித்தார். கூடவே முகாம் மேதை அலிம் காசிமோவின் குரல் எழும்பும்போது எனக்குப் புல்லரித்தது. அந்தக் குரலை எடுத்துவிட்டு மெட்டை மட்டும் வாசித்தால் ஹோட்டல் லாபி சங்கீதம்தான். அசல் போய் வட்டி மட்டும் கையில் நிற்கிற கதை.

பியானோவால் முடியாதா என்ன? வாகிஃப் முஸ்தஃபாசாதே (1940-1979) முகாமை ஜாஸோடு கலந்து பியானோவிலேயே வாசித்தார். பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளை வேகமாக உருட்டி, அந்த வழுக்கலைக் காதுக்குக் காட்டிவிடுவார். குரலைக் கேட்டு வளர்ந்த விரல்கள் அவை.

எனக்கு ஏன் இவ்வளவு வருத்தம்? என் மகளுக்குத் தமிழ்ப் பாட்டுகளும் கீபோர்டு மெட்டாகத்தான் தெரியும். வரி தெரியாது.

"முதல்ல பாடினவங்க குரலைக் கேளு, அப்புறம் பியானோ" என்றேன். கேட்டாள். "அப்பா, இது வேற பாட்டு மாதிரி இருக்கே!"

அடுத்த ஞாயிறு, நம்ம பாட்டு.